பெத்ரீன் குன்றுக் காளான்கள்

பிராக் நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்து, மூன்று மணி நேரமாக ராட்கா பார்த்தது தன் அப்பாவின் முதுகைத்தான். அதுவும் குனிந்த முதுகு.

"அப்பா, போதும்ப்பா! வாங்க போகலாம்!"

"ஒரே நிமிஷம் கண்ணு. இந்த மரத்தடியை மட்டும் பார்த்துடறேன்."

இதையே அவர் நாற்பது மரத்தடியில் சொல்லிவிட்டார்.

போன வசந்தத்தில் ராட்காவின் வகுப்பு முழுவதும் தலைநகருக்குச் சுற்றுலா வந்தது. அன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல். பழைய சதுக்கத்தில் இருக்கும் பெரிய கடிகாரத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மணியடிக்கும் நேரத்தில் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கும். மேலே இரண்டு சன்னல்கள் திறக்கும். சிலைகள் வரிசையாக வந்து எட்டிப் பார்க்கும். கடைசியில் தங்கச் சேவல் கூவும். வகுப்பில் ஆளாளுக்கு அந்தச் சேவலைப் போலக் கூவிக் காட்டி அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்டா" என்று அப்பா போஹுமில் வாக்குக் கொடுத்தார். அப்படிக் கூட்டி வந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது. மாலை ஆறு மணிக்கு ஊர் திரும்ப ரயில்.

பெத்ரீன் குன்றின் மேலிருந்து ஊரைப் பார்த்துவிட்டு இறங்குவதாகத்தான் பேச்சு. ஆனால் வாரம் முழுக்க மழை பெய்திருந்தது. பாதையோரம் ஒரு பழுப்புக் காளான் தலையை நீட்டியது. குடி முழுகிப் போயிற்று! அப்பாவின் சட்டைப் பையிலிருந்து மடக்குக் கத்தி வெளியே வந்தது. "ஊர்ல இல்லாத காளானா?" என்று திட்டிய அம்மா, கொஞ்ச நேரத்தில் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து விரித்தாள். ஆறு வயதுத் தம்பி ஓட்டா தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான்.

பன்னிரண்டு மணி போயிற்று. ஒன்று போயிற்று. இரண்டும் போயிற்று. ஒவ்வொரு மணிக்கும் அங்கே சேவல் கூவிக்கொண்டிருந்தது. இங்கே ராட்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தொப்பியும் துணியும் நிரம்பி வழிந்த பிறகுதான் அப்பா நிமிர்ந்தார். "போற வழியில கோட்டையை ஒரு எட்டு பார்த்துட்டு, நேரா கடிகாரம்தான்" என்றார்.

கோட்டை வாசலில் நீண்ட வரிசை. சோதனை மேசைக்கு வரும்போது மணி நாலு இருபது. மீசைக்காரக் காவலர் ஒருவர் அப்பாவின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"கத்தி இருக்கே. உள்ளே விட முடியாதுங்க."

"அது காளான் அறுக்கிற கத்தி சார்!"

"காளானா?" காவலரின் மீசை துடித்தது. அம்மாவின் துணி மூட்டையை விலக்கி மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தார். "அடேயப்பா! எங்கே பொறுக்கினீங்க?"

அப்பாவின் முகம் இறுகியது. காளான் கிடைத்த இடத்தைச் சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லாதவர் அவர்.

"காட்டுல."

"எந்தக் காட்டுல?"

"மரம் இருக்கிற காட்டுல."

"ஓஹோ! அப்ப கத்தியை இந்தக் குப்பைத் தொட்டியில போடுங்க."

"இருபது வருஷக் கத்தி சார் இது! போட மாட்டேன்."

"அப்ப உள்ளே விட மாட்டேன்."

இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ராட்காவுக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. ஐந்து மணியையும் விட்டுவிட்டால் இன்னும் ஒரு வருஷம் சேவல் கூவலைக் கேட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார வேண்டும்.

காவலர் காளான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லா ஞாயித்துக்கிழமையும் எனக்கு இங்கதான் காவல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இந்த வருஷம் ஒண்ணுகூடக் கண்ணுல படலை."

பாவமாக இருந்தது ராட்காவுக்கு. இவரும் அப்பா மாதிரிதான், ஆனால் குன்றுக்குப் போக வழியில்லாத அப்பா.

அவள் முன்னால் வந்தாள். "சார், நாங்க கோட்டைக்குள்ள வரலை. அஞ்சு மணிக்குள்ள கடிகாரத்துக்குப் போகணும். கொஞ்சம் குனியுங்க."

அவர் குனிந்தார். அவள் அவர் காதில் ஏதோ சொன்னாள். காவலரின் மீசைக்குக் கீழே பல்லெல்லாம் தெரிந்தது.

"ராட்கா!" என்று அலறினார் அப்பா.

"தங்கமான பொண்ணு!" என்றார் காவலர். "பெரிய பாலம் பக்கமே போகாதம்மா, கூட்டத்துல நகர முடியாது. இந்தப் பழைய படிக்கட்டுல இறங்கி, அடுத்த பாலத்துல ஏறு. ஓடினா இருபது நிமிஷம்!"

ஓடினார்கள். ஓட்டா இரண்டு முறை விழுந்தான். நாலைந்து காளான்கள் உருண்டு ஆற்றுக்குள் போயின. அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

சதுக்கத்தில் தலைகள், தலைகளுக்கு மேல் தூக்கிப் பிடித்த செல்போன்கள். ராட்காவுக்கு முன்னால் கோட்டு போட்ட ஒருவரின் முதுகு மட்டும் தெரிந்தது. "ஐயோ" என்றாள். அழுகையே வந்துவிட்டது.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பி நிறைய இருந்த காளான்களை அப்படியே தரையில் வைத்துவிட்டு, அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தார். "பத்து வயசுக்கு என்ன கனம்!" என்று முனகினார்.

எலும்புக்கூடு கயிற்றை இழுத்தது. சன்னல்கள் திறந்தன. சிலைகள் ஒவ்வொன்றாக வந்து அவளை எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. தங்கச் சேவல் கூவியது. ராட்காவும் சேர்ந்து கூவினாள், சதுக்கமே திரும்பிப் பார்த்தது.

இறங்கியதும் அப்பா கேட்டார். "நம்ம இடத்தையா அவர்கிட்ட சொன்னே?"

"நம்ம இடத்துலதான் நீங்க ஒண்ணும் மிச்சம் வைக்கலையே. குன்று மேலே உடைஞ்ச சுவருக்குப் பின்னால ஏழு இருந்துச்சு, ஒவ்வொண்ணும் தட்டு அகலம். அதைத்தான் சொன்னேன்."

"ஏழா? அதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா இந்நேரமும் அங்கதானே இருப்போம்?"

அம்மா சிரித்த சிரிப்பில் மூட்டையே அவிழ்ந்துவிட்டது. பிறகு எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். அப்பா மட்டும் குன்று இருந்த பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்.