சிவப்புப் பெட்டிக்கு மூன்று கும்பிடு

காலையில் அலுவலகம் வந்ததும் சவேரிமுத்துவின் முதல் வேலை பெட்டி கட்டுவது. தூவலூர்க் குடிநீர் நிலையத்தின் அறிவிப்பை வெறும் எழுத்தாக அடித்து, வரியின் தலையில் மூன்று புள்ளியும் ஓர் எழுத்தும் வைத்தால் போதும். கணினியில் இருக்கும் அச்சுக்கோப்பான் அதைக் கட்டம் போட்ட பக்கமாக்கிவிடும். 'எ' என்றால் எச்சரிக்கைப் பெட்டி, சிவப்பு. 'கு' என்றால் குறிப்புப் பெட்டி, நீலம். இந்தக் குறுவிசைகளை உண்டாக்கியவனே அவன்தான்.

ஊரில் எல்லார் கண்ணிலும் 'படிப்புவில்லை' என்ற கண்ணாடி வில்லை ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் இருப்பதை மட்டும் அது காட்டும். மற்றதெல்லாம் வெள்ளைக் காகிதம். கண்ணுக்குச் சிரமம் கூடாதாம். பக்கத்துக்கு மூன்று பெட்டிதான் என்பது சட்டம்.

நிலையத்தின் தலைவருக்குச் சிவப்பு பிடிக்கும் என்று மேலாளர் பேச்சிராஜன் 'வா' என்றொரு குறுவிசை கட்டச் சொன்னார். வாழ்த்துப் பெட்டி, அதுவும் சிவப்பு. பதினோரு வருஷமாக மூன்று பெட்டியும் வாழ்த்துதான்: தலைவர் பிறந்த நாள், மீசை வைத்த நாள், மீசையை எடுத்த நாள். சிவப்பைக் கண்டதும் ஊரே கும்பிட்டுவிட்டு நடந்தது.

அன்று சோதனைத் தாள் வந்தது. குழாய்த் தண்ணீரில் ஈயம்.

"சார், ஒரு பெட்டியாச்சும் குடுங்க."

"ஓரமா எழுதிவிடுய்யா."

"ஓரம் எவன் கண்ணுல படும்?"

"தலைவர் பேத்திக்குக் காதுகுத்து. மூணும் வேணும்."

சவேரிமுத்து தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். 'வா' குறுவிசையைத் திறந்து உள்ளே இருந்ததை மாற்றிவைத்தான். பேச்சிராஜன் தம் கையாலேயே மூன்று முறை 'வா' அடித்தார். திரையில் மூன்று சிவப்புப் பெட்டிகள் விரிந்தன: "குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஈயம். காய்ச்சினாலும் போகாது."

அவர் எழுந்து நின்று கைகூப்பினார். "அருமை. அனுப்புய்யா."

சவேரிமுத்து கழிவறைக்கு ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வீட்டுக்குத் தனியாகச் சொல்லவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் சிவப்பில் போட்டாயிற்றே, அதுவும் மூன்று.

சாயங்காலம் மனைவி ரெஜினா காப்பி நீட்டினாள். அவன் டம்ளரையே பார்த்தான்.

"இன்னிக்குப் பக்கம் வரலையா?"

"வந்துச்சே. மூணு பெட்டி, மூணு கும்பிடு."

"படிக்கலையாடி?"

"பெட்டிய யாருங்க படிப்பா?" என்று சிரித்தாள். "நான் ரெண்டு டம்ளர் குடிச்சாச்சு. ஆறிடப்போகுது, குடிங்க."