அல்லிப் பொம்மையின் மேலடுக்கு

பெட்டி பிரிக்கப்படாத பொம்மையைக் கொண்டுவருவோரைக் கோவைப் பொம்மைக் காப்பகத்தின் வாயிற்காவலரே திருப்பி அனுப்பிவிடுவார். "கை படாததுங்களா? உள்ள வாங்கமாட்டாங்க" என்பார். ஒரு காலத்தில் அத்தகைய பொம்மைகளுக்கே மதிப்பு மிகுதி என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மயிர் வெட்டப்பட்டது, கன்னத்தில் பேனாக்கோடு உடையது, ஒரு கை பலமுறை கழன்று மாட்டப்பட்டது என்பனவற்றையே இப்போது கண்ணாடிப் பேழையில் வைத்துக் காவல் காக்கின்றனர்.

பற்றை அளக்கும் கருவியான பற்றுமானியால் வந்த மாற்றம் அது. மனம் ஒரு பொருளின்மேல் அழுந்தும்போது உள்ளங்கையில் ஒருவகை நுண்ணுப்பு ஊறுகிறது. அது நெகிழியின் அணுக்கோவையைச் சிறிதே திருப்பி, அங்கே ஓர் அடுக்காகப் படிகிறது. எவ்வளவு ஆழமாக மனம் வைத்தார்களோ அவ்வளவு தடிப்பு. மேலடுக்கு மட்டும் காற்றுப்பட்டு மெல்ல மங்கும். அதன்கீழ் மூடப்பட்டவை மங்கா. தொட்டவர் யார், தொட்ட காலம் எது என்பதையும் கருவி படித்துவிடும். பற்று மிகுந்த பொம்மையே முதல் தரம்.

மதுமிதா கொண்டுவந்த அல்லிப் பொம்மைக்கு முதல் தரம் கிடைத்த செய்தியைத் தமயந்தி காலைக் காப்பியின்போது கேட்டாள். மதுமிதா அவளுடைய கணவர் சிவநேசனின் தங்கை. செய்தித்திரையில் பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, நம்ம மது" என்றார் சிவநேசன்.

"பாத்தேன். அது என்ற பொம்ம."

"அது குடுத்து முப்பது வருசமாச்சு தமயந்தி."

"நான் எங்க குடுத்தேன்? உங்கம்மா குடுக்க வெச்சாங்க."

அவள் சொன்னதில் பொய்யில்லை. திருமணமாகிக் கோபியில் கணவர் வீட்டுக்கு வந்தபோது சீர்ப் பொருள்களுக்கிடையே அல்லியும் வந்தது. தந்தை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பொம்மை. கண் இமைக்கும், முழங்கால் மடங்கும். மதுமிதாவுக்கு அப்போது எட்டு வயது. பெட்டியைத் திறந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினாள். மாமியார் புதுமருமகளிடம் மெல்லச் சொன்னார்: "புள்ள ஆசப்படுதல்ல அம்மிணி. குடுத்துரு. உனக்கெதுக்கு இன்னும் பொம்ம?" வந்த மூன்றாம் நாளே புகுந்த வீட்டில் மறுத்துப் பேச எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. தமயந்தி சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

அந்தச் சிரிப்பு இன்னும் அவளுடைய தாடையில் வலித்தது.

காப்பகத்தின் விதி அவளுக்குத் தெரியும். ஒரு பொம்மையின்மேல் மிகுதியான பற்று எவருடையதோ, அவருக்கே அதை வீட்டில் வைத்துக் காக்கும் உரிமை. அவர் பெயரே பெயர்ப்பலகையில் பொறிக்கப்படும். மதுமிதா பொம்மையை மொத்தமாக அளக்கச் சொன்னாளே தவிர, எந்த அடுக்கு எவருடையது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லவில்லை. அடியில் கிடப்பது தன் இளமைக்காலப் பற்று என்பதில் தமயந்திக்கு ஐயமே இல்லை. அன்றே அடுக்குப் பிரிப்புக்கு விண்ணப்பித்தாள்.

"அம்பத்திரண்டு வயசுல பொம்மைக்குச் சண்டயா?" என்றார் சிவநேசன்.

"உங்க தங்கச்சிக்கு மட்டும் என்ன, அஞ்சு வயசா?"

பிரிப்பு நாளில் மதுமிதா எவ்வித வருத்தமும் இன்றி வந்தாள். அண்ணிக்கென்று ஒரு பொட்டலம் மல்லிகையும் கொண்டுவந்தாள். அதுவே தமயந்தியை மேலும் எரித்தது. பறிகொடுக்கப்போகிறவள் சற்றேனும் கலங்கவேண்டாமா?

மதிப்பீட்டாளர் பெரியநாயகம் அல்லியை மெத்தையில் கிடத்திப் பற்றுமானியின் கண்ணை அதன் நெஞ்சின்மேல் நிறுத்தினார். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விரிந்தன.

"அடியில இருக்கறது நீங்கதானுங்க" என்று தமயந்தியைப் பார்த்தார். "ஆனா ரொம்ப மெலிசு. வெங்காயத் தோலு மாதிரி."

"இருக்காதுங்க. அது என்ற உசுரு."

"கையில வெச்சு வெளையாண்டீங்களா?"

அழுக்காகிவிடும் என்று தமயந்தியின் தாய் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். வெளியே நின்று பார்த்ததே மிகுதி.

"அடுத்தது உங்க நாத்தனாரு. எட்டு வயசுலிருந்து பன்னண்டு வரைக்கும். நல்லா வெளையாண்டிருக்காங்க. சீரா, சந்தோசமா இருக்குது. அப்புறம் நின்னுபோச்சு."

"தொட்டியில குளிக்க வெச்சு, முடிய வெட்டி, பொட்டெல்லாம் வெச்சு வுட்டேனுங்க" என்றாள் மதுமிதா. "அதுக்கப்புறம் சைக்கிள் வந்துருச்சு."

"இதுக்கு மேல இருக்கறதுதான் முதல் தரத்துக்குக் காரணம்." பெரியநாயகம் திரையைப் பெரிதாக்கினார். கீழிரண்டும் நூலாய்த் தெரிய, அவற்றின்மேல் செங்கல்லைப்போல் ஒரு தடித்த அடுக்கு கிடந்தது. "இத்தன வருசத்துல இந்த மாதிரி நான் பாத்ததில்லீங்க. விட்டு விட்டுப் படிஞ்சிருக்குது. ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிசங்கூட இருக்காது. ஆனா எவ்வளவு ஆழம், பாருங்க."

"யாருதுங்க அது?" என்றாள் மதுமிதா.

"உங்க அண்ணியோடது."

கருவி காலங்களையும் காட்டிற்று. மதுமிதாவின் பூப்பு நன்னீராட்டு. அவளுடைய திருமணம். அவள் மகனுக்குக் காது குத்திய நாள். புதுமனை புகுவிழா. சொந்தக்காரர்கள் பந்திக்குச் சென்றபின் தமயந்தி மட்டும், மதுமிதா பொம்மையை வைத்திருந்த கூடத்துப் பேழையைத் திறப்பாள். "எவ்வளவு தூசு பாரு, ஒருத்தரும் கவனிக்கறதில்ல" என்று எவருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டு, முந்தானையால் அல்லியின் முகத்தைத் துடைப்பாள். துடைத்து முடித்தபின்னும் சற்று நேரம் விடமாட்டாள்.

"ஏனுங்க" என்று தமயந்தி தாழ்ந்த குரலில் கேட்டாள். "அது என்ன மாதிரியான பற்றுன்னு கருவி சொல்லுங்களா?"

"சொல்லாதுங்க. எவ்வளவுன்னு மட்டுந்தான் சொல்லும்."

மதுமிதா அண்ணியின் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தன ஆசைய வெச்சுட்டு ஒரு வார்த்த கேக்கலியே அண்ணி? கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே."

அந்த இரக்கத்தைத் தாங்குவது தோல்வியைத் தாங்குவதினும் அரிதாயிருந்தது. எனினும் பெயர்ப்பலகை தமயந்திக்கு வந்தது: 'இப்பொம்மையின்மேல் மிகுந்த பற்றுடையவர்: தமயந்தி சிவநேசன்.' அது காப்பகத்தின் முகப்பில் பொறிக்கப்பட்டது. அல்லியும் அவளோடு வீட்டுக்கு வந்தது.

முதல் வாரம் அதைக் கட்டிலருகே வைத்திருந்தாள். பின்னர்க் கூடத்தில் வைத்தாள். வருவோர் எல்லாரும் பார்க்கும்படி விளக்கும் பொருத்தினாள். மதுமிதா வந்தபோதெல்லாம் அவள் கண் பொம்மையின் பக்கம் போகிறதா என்று தமயந்தி கூர்ந்து நோக்கினாள். போகவில்லை. மதுமிதா நேரே சமையலறைக்குச் சென்று, "என்ன அண்ணி குழம்பு?" என்று மூடியைத் திறந்து பார்த்தாள்.

ஆண்டு முடிவில் மறுமதிப்பீடு நடந்தது. பெரியநாயகம் ஒருமுறை அளந்தார். கருவியைத் துடைத்துவிட்டு மறுமுறையும் அளந்தார்.

"எறங்கிருச்சுங்க. மேலடுக்கு மங்குது. புதுசா ஒண்ணுமே படியல."

"தெனமும் தொட்டுத் தொடைக்கறனுங்க."

"தொடைக்கறீங்க. மனசு அதுமேல இல்லீங்க." அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை, காய்ச்சலின் அளவைச் சொல்வதுபோல் சொன்னார். "அடுத்த வருசமும் இப்படியே போனா ரெண்டாந்தரம். பேரை எடுத்துருவாங்க."

"என்ன பண்ணலாமுங்க?"

பெரியநாயகம் குரலைத் தாழ்த்தினார். "பலரும் இப்ப செய்யறதுதான். பொம்மையை வேற ஊட்டுல வெச்சுருவாங்க. பேரு உங்களோடதாவே இருக்கும்."

எந்த வீடு என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஊரில் வேறு எவர் வீட்டில் அல்லி இருந்தாலும் தமயந்தியின் மனம் அதன்மேல் அழுந்தாது.

மதுமிதாவைத் தொலைபேசியில் காப்பகத்துக்கு அழைத்தபோது, அவள் முதலில் ஒப்பவில்லை. "எடமில்லீங்கண்ணி. அது இருந்த எடத்துல மீன்தொட்டி வெச்சுட்டேன்." அண்ணியின் குரல் கெஞ்சியதைக் கேட்டபின், "செரி, அலமாரி மேல எங்கியாச்சும் போட்டுக்கறேன்" என்று இரங்கி வந்தாள்.

பற்றுமானி ஓடிக்கொண்டிருக்கவே கைம்மாற்றம் நடக்கவேண்டும் என்பது காப்பகத்தின் முறை. தமயந்தி இரு கைகளாலும் அல்லியை நீட்டினாள். மதுமிதா பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் அதன் தலையைப் பிடித்து வாங்கி, காய்கறி இருந்த துணிப்பைக்குள் தலைகீழாகச் செருகப்போனாள். அண்ணியின் விரல்கள் மட்டும் பொம்மையின் பாதத்தை விடாமல் நின்றன.

பற்றுமானியின் முள் ஏறத் தொடங்கிற்று. இரண்டாந்தரத்தின் எல்லையைக் கடந்தது, முதல் தரத்தைத் தொட்டது, அங்கும் நிற்கவில்லை.

"உடுங்கண்ணி" என்று மதுமிதா சிரித்தாள். "எங்கூட்டுக்குத்தானே போகுது? எப்ப வேணும்னாலும் வாங்க. தெனமும் வந்து தொடச்சுட்டுப் போங்க."

"தெனமும் வேண்டாமுங்க" என்றார் பெரியநாயகம், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். "பழகிப்போயிரும். விசேசத்துக்கு மட்டும் போங்க."