சேகரித்தவர் பெயர்

மீசை திரும்பியிருந்தது.

மகாங்கே உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். மதியம் உகாலிக் களி சாப்பிடப் போகும்போது அந்தக் காட்டுச் சில்வண்டின் நீண்ட மீசைகள் இரண்டும் சுவரைப் பார்த்து இருந்தன. அவரே ஊசிமுனையால் ஒதுக்கிவிட்டவை. இப்போது அவை அவரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன.

நெஞ்சில் குண்டூசி ஏற்றி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, பஞ்சு அடைத்துவைத்த பூச்சி அது. காற்று தள்ளியிருக்கும் என்று நினைத்தார். ஜன்னல் சாத்தியிருந்தது.

உசம்பரா மலையில் மாலையிலேயே வெளிச்சம் வடிந்துவிடும். பனிமூட்டம் காட்டிலிருந்து இறங்கி ஆய்வுக்கூடத்துத் தகரக் கூரையில் படிந்து, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அறைக்குள் அந்துருண்டை நெடி. அதையும் மீறி, சரிவுத் தோட்டங்களிலிருந்து ஈர ஏலக்காய் வாசம்.

தலை நரைக்கும்வரை இந்தக் காட்டில் பூச்சி தேடியவர் அவர். உலகம் அறியாத ஒன்றுகூட அவர் கையில் சிக்கவில்லை. போன மழைக்கு வேலைக்குச் சேர்ந்தவன் ஹோசா. மூத்திரம் போகப் புதர்ப்பக்கம் ஒதுங்கினான். திரும்பி வரும்போது அவன் சட்டைக் காலரில் இது உட்கார்ந்திருந்தது.

முதலில் விவரித்து அச்சேற்றுகிறவன் பெயர் அந்தப் பூச்சியோடு என்றைக்கும் ஒட்டிக்கொள்ளும். ஹோசா தங்கை கல்யாணத்துக்காக மலையடிவாரத்து முஹேசாவுக்குப் போயிருந்தான். மகாங்கே எழுத ஆரம்பித்துவிட்டார்.

'காது: முன்னங்காலில், மூட்டுக்குச் சற்றுக் கீழே, இரு பக்கமும் கீறல் போன்ற துளை. இது ஆண்; பெண்ணை அழைக்கப் பாடும். பெண் பூச்சி: இதுவரை அகப்படவில்லை.'

போன் அடித்தது. ஹோசா.

"ஷிகமூ, அண்ணே," என்று வணக்கம் சொன்னான்.

"மராஹபா. கல்யாணச் சாப்பாடு பலமா?"

"எங்க இறங்குது? அண்ணே, சிரிக்கக் கூடாது. அந்தப் பூச்சி பாடுறது எனக்கு இங்க வரைக்கும் கேக்குது."

"முஹேசாவுக்கா? தென்னங்கள்ளு அங்க நல்லா கிடைக்கும்பாங்க."

"குடிச்சும் பாத்துட்டேன். காதைப் பொத்தினாலும் கேக்குதுண்ணே. முழங்காலுக்குக் கீழ ஒரே அரிப்பு வேற."

"புகழ் வருதுல்ல, அரிக்கத்தான் செய்யும்."

ஹோசா சிரிக்கப் பார்த்தான். "வந்ததும் சேந்தே எழுதிடலாம்ணே. உங்க பேரையும் போட்டுக்கலாம். ரெண்டாவதா."

ரெண்டாவதா. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் முள்ளாக உள்ளே நின்றது. பிச்சை போடுகிறான் பயல்.

குண்டூசியின் அடியில் சின்னதாக ஒரு சீட்டு. இடம், தேதி, சேகரித்தவர். பூச்சி யாருடையது என்று சொல்ல உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. மகாங்கே இடுக்கியால் அதை உருவி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். ஹோசாவின் கோணல் எழுத்து சுருண்டு கருகியது. புதுச் சீட்டில் தன் பெயரை எழுதிக் குத்தினார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

சர்ர்ர்.

சீப்புப் பல்லில் நகத்தை மெல்ல இழுப்பதுபோல.

மறுபடியும் போன்.

"அண்ணே, நின்னுடுச்சு. இப்பதான், சட்டுனு. அரிப்புகூடப் போயிடுச்சு. என்ன பண்ணீங்க?"

மகாங்கே உருப்பெருக்கியில் குனிந்தார். பூச்சியின் இறகுகள் அசைகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இடது இறகு வலதின் மேல் உரசி உரசி விலகியது. பஞ்சு அடைத்த வயிறு புடைத்துத் தணிந்தது.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

போனை அணைத்தார். காதுகளை இறுகப் பொத்தினார். சத்தம் குறையவில்லை. கூடியது. கீழேயிருந்து வந்தது.

அரித்தது.

காற்சட்டையைச் சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே, இரு பக்கமும், கீறல். ரத்தம் இல்லை. உதடுபோல விளிம்பு. சர்ர்ர் என்று கேட்கும்போதெல்லாம் அது விரிந்தது. மறு காலிலும் அப்படியே.

சீட்டு. சீட்டுதான். மாற்றிவிட்டால் போதும். தன் பெயரைப் பிய்த்தெறிந்தார். வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்தார். சேகரித்தவர் என்று எழுதினார். அடுத்து ஹோசா. இரண்டே எழுத்து. பேனா முனை தாளைத் தொட்டது.

மூத்திரம் போன இடத்தில். சட்டைக் காலரில். தலை நரைக்காதவன்.

ஒவ்வொரு பாட்டுக்கும் கால் கிழிந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்தபடி எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தார்.

மகாங்கே.

அழகான, நேரான எழுத்து. அதையே குத்தினார்.

பாட்டு நின்றது. பூச்சியின் மீசைகள் அவரை விட்டு, மெதுவாக, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவின் பக்கம் திரும்பின.

வெளியே, பனிக்குள், பதில். அதே பாட்டு. கனத்த குரலில். தகரக் கூரை அதிர்ந்தது.

காதால் அல்ல. காலால் கேட்டார்.

வராந்தாப் பலகை கிறீச்சிட்டது. ஒரு முறை. இன்னொரு முறை. நிறையக் கால்கள்.

கதவின் கீழிடுக்கில் ஒரு மீசை நுழைந்தது. குடைக்கம்பி கனம். தரையைத் தடவித் தடவி வந்தது. நாற்காலிக் காலைத் தொட்டது. விட்டது. அவர் காலைத் தொட்டது.

மேலே ஏறி, கீறலின் விளிம்பில் நின்றது.