நெற்றிக் காசு

குற்றாலத்தில் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு, பால்வண்ணநாதன் இலஞ்சி வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியானம் மூன்று மணி. வெளியே சாரல். உள்ளே ஊதுபத்தி வாசம் இன்னும் போகவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த பிச்சம்மாள் போனதற்கு அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. ஊர் நாலு பேசும், பேசிவிட்டுப் போகட்டும்.

ஈரத்துண்டோடு நேரே அலமாரிக்குப் போனார். பாடுபட்டுச் சேர்த்த ரோமாபுரி வெள்ளிக் காசுகள் அங்கேதான் ஆல்பத்தில் இருந்தன. பதினாறு நாளும் வீடு நிறைய ஆள் இருந்ததால் திறந்து பார்க்க முடியவில்லை.

பிச்சம்மாள் செத்த அன்றைக்கு அவள் நெற்றியில் வைக்க ஒரு ரூபாய் கேட்டார்கள். எல்லாரும் செல்போனில் பணம் அனுப்புகிற காலம். இழவு வீட்டில் ஒருத்தர் பையிலும் சில்லறை இல்லை. மகள் சண்முகப்பிரியா அழுதுகொண்டே, மேசையில் கிடந்த ஆல்பத்திலிருந்து ஒரு காசை உருவி, சந்தனம் தொட்டு அம்மா நெற்றியில் வைத்துவிட்டாள். அடப் பாவி மகளே! ராஜா தலை போட்ட, ரெண்டாயிரம் வருஷத்துக் காசு!

நெற்றிக் காசு பிணத்தோடு போக வேண்டியது. வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தூக்குவதற்கு முன்னால், முகத்தைத் தடவுகிற மாதிரிக் குனிந்து வெள்ளியை எடுத்துக்கொண்டார். காரில் கிடந்த ஒரு ரூபாயை அந்த இடத்தில் ஒட்டினார். அன்றைக்கே வெள்ளியை அதன் உறையில் போட்டு, ஆல்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். யாரும் பார்க்கவில்லை.

பிச்சம்மாளின் கண் மட்டும் லேசாகத் திறந்த மாதிரி இருந்தது.

இப்போது ஆல்பத்தைப் புரட்டினார். ராஜா தலை இருந்த உறையில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

ஒரு ரூபாய்.

கரி பிடித்திருந்தது. விரலில் சாம்பல் ஒட்டியது. சந்தனம் தீய்ந்த வாசம் வந்தது.

"ஏட்டி பிரியா, அலமாரியத் தொறந்தியா?"

"நான் எதுக்குப்பா தொறக்கேன்? சாவி உங்க இடுப்புலல்லா இருக்கு," என்றாள் அடுக்களையிலிருந்து.

வேர்த்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோனார். நெற்றியில் கை பட்டதே தெரியவில்லை.

காப்பியோடு வந்த மகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா... நெத்தியில எதுக்குப்பா காசு வச்சிருக்கிய?"

"எடுத்துருட்டி."

அவள் தொட்டாள். நெற்றி பிணம் மாதிரி ஜில்லென்றிருக்க, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

ராஜா தலை போட்ட காசைச் சுற்றிச் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.