நாலாவது சிலிண்டர்

புதன்கிழமை காலையில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கிய ரேடியேட்டர், மாலை நான்கு மணிக்கு வறண்டு கிடந்தது. நடுவில் மெக்கானிக் கலைவாணன் அந்தக் காரை ஸ்டார்ட் செய்யவே இல்லை.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். முதல்நாள் விரித்துவைத்த செய்தித்தாள் ஒரு சொட்டுகூடப் படாமல் மொறமொறவென்று இருந்தது. வெளியே மூலக்குளம் ஊர் முழுக்க மூன்று நாளாக விடாத மழை. ஷெட்டின் தகரக் கூரை ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. வில்லியனூர் சாலையில் பஸ்கள் முழங்கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. சுவரெல்லாம் ஈரம் பூத்து, ஆணியில் மாட்டிய பழைய சட்டைகூடப் பூஞ்சை நாற்றம் அடித்தது. இந்த ஒரு காரைச் சுற்றி மட்டும், இரண்டடி அகலத்துக்கு, சிமெண்டுத் தரை சித்திரை வெயிலில் கிடந்ததுபோல் வெளுத்திருந்தது.

கார் வந்தது செவ்வாய்க்கிழமை. இரண்டே கதவு, தாழ்ந்து நீண்ட மூக்கு, இடதுபக்க ஸ்டீயரிங். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த தன் மாமா கப்பலில் கொண்டுவந்தது என்றார் அதை ஓட்டிவந்த ஹரிகிருஷ்ணன். அவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, உதடுகள் மட்டும் வெடித்துத் தோல் உரிந்திருந்தன.

"தண்ணி குறையுதுங்க. ஹெட் கேஸ்கெட்டாத்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா யாரும் பிரிச்சுப் பாக்கல."

"டெஸ்ட் பண்ணாம பிரிக்கக் கூடாதுங்க. கேஸ்கெட் போயிருந்தா எங்கியாவது காட்டிக் குடுத்துடும். பொகை வெள்ளையா வரும், இல்லன்னா ஆயில்ல தண்ணி கலந்து மோர் மாதிரி ஆயிடும். விட்டுட்டுப் போங்க, பாக்கறேன்."

"தெனம் தண்ணி மட்டும் ஊத்திடுங்க." சாவியை நீட்டினார், கலைவாணன் பிடித்த பிறகும் அவர் கை அதை விடவில்லை. "மறந்துடாதீங்க."

அவர் குடை இல்லாமல் நடந்தே போனார். தெருமுனை திரும்பும்வரை தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு போனதைக் கலைவாணன் பார்த்தான்.

முப்பது வருடத்தில் அவன் பார்க்காத கேஸ்கெட் இல்லை. எஞ்சினுக்கும் அதை மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தகடு அது. பெட்ரோல் எரிகிற இடத்தையும் தண்ணீர் ஓடுகிற வழியையும் அதுதான் பிரித்துவைக்கிறது. அது விட்டுப்போனால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். போனது எப்படியும் வெளியே வந்தாக வேண்டும்.

இதில் வரவில்லை. வியாழக்கிழமை காலை ரேடியேட்டரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து பார்த்தான். புகையில் வெள்ளை இல்லை. ஆயில் தேன்போலத் தெளிவாக இருந்தது. ரேடியேட்டர் வாயில் நீல மருந்துக் குழாயை வைத்தான். கேஸ்கெட் விட்டிருந்தால் மஞ்சளாக மாற வேண்டிய மருந்து நீலமாகவே நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு நான்கு ப்ளக்குகளையும் கழற்றினான். மூன்றில் வழக்கமான கரி. நாலாவது ப்ளக் மட்டும் பளபளவென்று, யாரோ நக்கி எடுத்ததுபோல் இருந்தது.

கடைசியாகக் கைப்பம்பை மாட்டி ரேடியேட்டருக்குள் அழுத்தம் ஏற்றினான். லீக் இருந்தால் முள் மெல்ல இறங்கும். இது அப்படி இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது, நின்றது. அந்தத் தாளம் எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தான். உள்ளே என்ன நடந்தாலும் அந்த வழியாகக் கேட்கும்.

மடக். மடக். மடக்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டான். வெளியே வந்து மழையில் நின்றான். உள்ளே காற்று அடைத்திருக்கும், அதுதான் சத்தம், வேறென்ன. முழுக்கக் காயட்டும், சனிக்கிழமை ஹெட்டைப் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தான். அன்றோடு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவன் மனைவி ஜெயசித்ரா அடுப்படியில் சொம்பைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"இன்னாம்மா, மழ நாள்ல இப்புடிக் குடிக்கிற?"

"தெரியலீங்க. தொண்ட ஒட்டிக்கிது. நைட்டெல்லாம் குடிச்சேன், ஒண்ணுக்குகூடப் போவல."

மத்தியானத்துக்குள் குடம் காலியானது. மாடித் தொட்டியைத் திறந்துவிட்டாள். குழாயில் காற்றுதான் வந்தது. தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்த கலைவாணனுக்கு அடிப்பாசிகூடக் காய்ந்து சுருண்டிருந்தது தெரிந்தது. அவன் தலைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இறங்கி வந்தபோது ஜெயசித்ரா வாசலில் உட்கார்ந்து கூரைத்தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. பயத்தில் அழுதாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

சனிக்கிழமை காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வசந்தாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நர்ஸ் அவள் கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு காகிதம்போல் அப்படியே நின்றது. குளுக்கோஸ் பாட்டில் மாட்டினார்கள்.

"ஒரு மணி நேரம் ஓடும், நீங்க வெளிய உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. பாட்டிலையே பார்த்தான். சொட்டுச் சொட்டாக விழவில்லை. கொஞ்சம் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. நாலு நிமிடத்தில் பாட்டில் ஒட்டிப்போனது. நர்ஸ் முகம் மாறியது. அடுத்ததை மாட்டினாள். அதுவும்.

வராந்தாவுக்கு ஓடி ஹரிகிருஷ்ணனுக்குப் போன் செய்தான்.

"கார எடுத்துக்கினு போங்க. இப்பவே."

"தண்ணி ஊத்தறத நிறுத்திட்டீங்களா?"

"என் பொண்டாட்டி சாவக் கெடக்கறா."

"நான் சொன்னேனுங்களே, மறக்காதீங்கன்னு. ஒரு கல்யாணத்துக்காக நான் ரெண்டு நாள் வெளியூர் போயிட்டேன். வந்து பாத்தா என் தங்கச்சி துர்கா கட்டில்ல..." குரல் உடைந்தது. "தூக்கினேன், எடையே இல்லைங்க. போய் ஊத்துங்க. பிரிச்சுடாதீங்க, ஊத்துங்க. என்னக் கூப்பிடாதீங்க. எங்க வீட்டுக் கொடத்துல இப்பத்தான் தண்ணி நிக்கிது."

வசந்தாவை ஜெயசித்ராவின் அருகே விட்டுவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பினான். ஷெட்டுக்குள் நுழைந்ததும் வாளியை எடுத்தான். வாசல் பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரை அள்ளி அள்ளி ரேடியேட்டரில் கொட்டினான். ஆறாவது வாளியில் கழுத்துவரை நிறைந்தது. நின்றது. போன் அடித்தது, வசந்தா.

"கண்ணத் தொறந்துட்டாண்ணே! பாட்டில் இப்ப சரியா சொட்டுது. உங்களத்தான் கேக்கறா."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்து நிமிர்ந்தபோது ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை.

ஊற்றினான். இறங்கியது. ஊற்றினான். ஒரு வாளி தாங்கியது முதலில் பத்து நிமிடம், பிறகு ஐந்து, பிறகு திரும்பி அள்ளிவரும் நேரம்கூட இல்லை. தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. வாசல் பள்ளத்தில் சேறு தெரிந்தது. எங்கே போகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு வாளி தூக்க அவனால் முடியவில்லை.

ஒயர் காமிராவை எடுத்துப் போனில் செருகினான். விரல் கனத்தில் ஒரு ஒயர், முனையில் சின்ன விளக்கு. ப்ளக் துளை வழியாக விட்டால் சிலிண்டரின் உட்புறம் போன் திரையில் தெரியும். முதல் துளையில் விட்டான். கரி படிந்த பிஸ்டன். இரண்டாவது, மூன்றாவது, அதேதான்.

நாலாவது.

முதலில் சிவப்பு மட்டும் தெரிந்தது. ஈரமான சிவப்பு. பிஸ்டன் இல்லை, சுவர் இல்லை. மடிப்பு மடிப்பாக ஏதோ அசைந்தது. விளக்கை இன்னும் உள்ளே இறக்கினான். பல். அதற்குப் பின்னால் நாக்கு. ஒரு வாய் மேலே பார்த்துத் திறந்து கிடந்தது. தண்ணீர் அதற்குள் கயிறுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டை ஏறி இறங்கியது. மடக்.

கயிறு அறுந்தது. வாய் காத்திருந்தது. பிறகு நாக்கு நீண்டு வந்து காமிராவின் விளக்கைத் தொட்டது.

போன் அதிர்ந்தது. வசந்தா.

"அண்ணே, மறுபடியும் வேகமா எறங்குதுண்ணே. பாட்டில் தீந்துபோச்சுன்னு நர்ஸ் ஓடறாங்க. எங்கண்ணே கீறீங்க?"

ஒயரை உருவிப் போட்டுவிட்டு வாளியோடு தெருவுக்கு ஓடினான். சாக்கடையும் மழையும் கலந்த தண்ணீர். அள்ளினான். ஓடிவந்து ஊற்றினான். அள்ளினான். ஊற்றினான். மறுபடி. மறுபடி. கால் வழுக்கியது. முட்டி கிழிந்தது. எழுந்தான்.

மழை நின்றுவிட்டது. தகரக் கூரையின் இரைச்சல் சட்டென்று அடங்கி, ஷெட்டில் அந்த ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மடக். மடக். கூடவே, அதைவிட மெல்லிசாக, வேறு ஒன்று. சப்புச் சப்பென்று. முன்பக்கத்திலிருந்து.

முதல் சிலிண்டர்.

ஒயரை எடுத்தான். துளையைத் தடவிப் பிடித்தான். உள்ளே விட்டான். திரையில் கரி இல்லை. பிஸ்டன் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பிளவு. பல் இல்லாத, பிறந்த குழந்தையுடையதைப் போன்ற ஈறுகள். அது விளக்கின் சூட்டை உணர்ந்து திரும்பியது. பசியோடு சப்பியது.