மீன்பெட்டி ஐஸும் சிவப்பு நூலும்

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அதில் சந்தேகம் இல்லை. பெட்டியில் இருந்தது கெளுத்தி மீனா, ஜிலேபி மீனா என்பதுதான் சரியாக நினைவில்லை. ஜிலேபி என்றே சொல்லிவைக்கிறேன். தப்பென்றால் யுவஸ்ரீ சண்டைக்கு வருவாள், வரட்டும்.

யுவஸ்ரீ ஐந்தாம் வகுப்பு. அவள் அம்மா சித்ரா எடப்பாடியில் சின்னச் சாயப்பட்டறை வைத்திருந்தார். உள்ளே போக யுவஸ்ரீக்கு அனுமதி இல்லை. சாயத்தொட்டியிலிருந்து ஒரு கம்பி வாசல்வரை வந்து, சின்னத் திரையில் வெப்பநிலையைக் காட்டும். அந்த எண்ணை வாசலில் நின்று கத்துவதுதான் அவள் வேலை.

"நாலு!" என்று கத்தினாள்.

வெள்ளை நூலை முதலில் நாப்தால் என்ற ரசாயனக் கரைசலில் நனைப்பார்கள். நூல் ஒன்றுமே நடக்காததுபோல வெளிறிய மஞ்சளாக இருக்கும். அடுத்த தொட்டியில், ஐஸ் போட்டுத் தயாரித்த டயசோனியம் உப்புக் கரைசல். அதில் முங்கியதும் இரண்டும் சேர்ந்து, நூலுக்குள்ளேயே சிவப்பு பிறந்துவிடும்.

ஆனால் அந்த உப்பு பெரிய கோபக்காரர். குளிரில் மட்டும்தான் சமத்து. ஐந்து டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் குமிழி குமிழியாகக் காற்றை விட்டுவிட்டுக் கெட்டுப்போகும்.

போன வாரம் அப்படித்தான் ஆனது. நூல் திட்டுத் திட்டாக வந்தது. துண்டு நெய்யும் மோகன்குமார், "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா ஈரோட்டுல நூல் எடுத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டார். இன்று அவரே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏழு!"

"ஐயோ, ஐஸ் கரைஞ்சு போச்சே!" சித்ரா ஐஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கே காலையிலிருந்து கரண்ட் இல்லையாம்.

வேலைக்காரர் காளியப்பன் விசிறியை எடுத்துத் தொட்டிக்கு வீச ஆரம்பித்தார்.

"ஏனுங்கண்ணா, அதென்ன கைக்குழந்தையா?" என்றார் சித்ரா.

"சும்மா நிக்கறதுக்கு இது தேவலைங்க!"

"எட்டு!" என்று கத்திவிட்டு யுவஸ்ரீ தெருமுனைக்கு ஓடினாள். அங்கே அங்காளம்மாள் மீன் விற்றுக்கொண்டிருந்தார். பெட்டி நிறைய ஐஸ்!

"அக்கா, ஐஸ் வேணுங்க!"

"ஐஸைக் குடுத்துட்டு இந்த ஆறு மீனை என்ற தலைமேலயா வெச்சுக்கறது? வித்துட்டா, பொட்டியோட எடுத்துட்டுப் போ சாமி."

யுவஸ்ரீ திரும்பி ஓடினாள்.

"மாமா, இன்னைக்கு உங்கூட்டுல என்ன குழம்புங்க?"

"ரசம்" என்றார் மோகன்குமார் எரிச்சலோடு.

"ஞாயித்துக்கிழமை ரசமா! ஆறே ஆறு மீனு இருக்குதுங்க. பளபளன்னு இருக்குதுங்க."

அவர் முறைத்தார். ஆனால் எழுந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மீன் அவர் பைக்குள் போனது. ஐஸ்பெட்டியை அங்காளம்மாளே தலையில் சுமந்து வந்தார்.

"மீன் ஐஸா? நூலெல்லாம் நாறிப்போகுமே!" என்று அலறினார் சித்ரா.

"உள்ள போட வேண்டாம்மா! பெரிய தொட்டிக்குள்ள இந்தத் தொட்டியை வெச்சுச் சுத்தியும் ஐஸைக் கொட்டுங்க!" என்றாள் யுவஸ்ரீ.

சித்ராவும் காளியப்பனும் கையுறை மாட்டித் தொட்டியைத் தூக்கி வைத்தார்கள். ஓரத்தில் இரண்டே குமிழிகள் எட்டிப்பார்த்தன.

"எட்டு... ஏழு..." யுவஸ்ரீ திரையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "ஆறு... அஞ்சு... நாலு!"

நூல் முங்கியது.

அவ்வளவுதான்! வெளிறிக் கிடந்த நூல் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. ஒரு திட்டு இல்லை. மோகன்குமார் மீன் பையோடு, "அடேங்கப்பா!" என்றார்.

அவர் ஈரோட்டுக்குப் போகவில்லை. அங்காளம்மாள் ஞாயிறுதோறும் மிச்ச ஐஸைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டே வீட்டுக்குப் போகிறார். காளியப்பன் விசிறியை விடவில்லை. இப்போது தனக்கே வீசிக்கொள்கிறார். சித்ரா பழையபடி சத்தமாகச் சிரிக்கிறார். அந்த நூலில் நெய்த முதல் துண்டு யுவஸ்ரீக்குக் கிடைத்தது. மீன் வாசம் இல்லை என்று நிரூபிக்க, பார்ப்பவர்களையெல்லாம் அதை முகர்ந்துபார்க்கச் சொல்கிறாள்.