பஞ்சுக்கு அஞ்சியவள்

1953ஆம் ஆண்டு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் பிற்பகலில், ராயபுரத்தில் இருந்த கஸ்பாரின் அலுவலகத்துக்கு வந்த பெண், நாற்காலியில் அமர்வதற்கு முன் விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். அங்கே தொங்கிய மின்விசிறியின் இறக்கைகளில் தூசி கனமாகப் படிந்திருந்தது.

"இத்தினி புழுக்கத்துல அத்தப் போட மாட்டீங்களா?"

கஸ்பாரின் உதவியாளர் கமாலுதீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் ஆறு வருசமா கேட்டுகினு கீறேம்மா. சாருக்குத் தலைக்கு மேல ஏதாச்சும் சுத்துனா ஆவாது. கயண்டு வுயுந்துடுமாம். என் பாடு பேஜாரு."

"கழன்று விழும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை," என்றார் கஸ்பார். துறைமுகச் சுங்க இலாகாவில் இருபது ஆண்டுகள் மூட்டைகளையும் மனிதர்களையும் சோதித்துவிட்டு, இப்போது தனியாகத் துப்புத் துலக்கி வந்த அவர் குரலை உயர்த்திப் பேசி எவரும் கேட்டதில்லை. "விழாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதன் அடியில் என்னால் உட்கார முடியாது. அறிவு வேறு, உடம்பு வேறு."

அந்தப் பெண் அவரை உற்றுப் பார்த்தாள். "அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்துகீறேன்," என்று உட்கார்ந்தாள்.

அவள் பெயர் மங்கை. திருவொற்றியூர்க் கடலோரத்து மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் கணவனைக் கடலில் இழந்தவள். அவன் விட்டுச்சென்ற கட்டுமரத்தைக் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டிக்கொண்டு, மீன் விற்று வாழ்ந்தாள்.

"எங்க அம்மனுக்கு இருபது பவுன்ல காசுமாலை ஒண்ணு கீது. அத்தக் கோயில்ல வெக்க மாட்டாங்க. தேக்குப் பொட்டியில வெச்சு, வருசத்துக்கு ஒரு வூடுன்னு காப்பாத்தணும். அதுக்குப் பேரு முறை. ஆடி முடிஞ்சா பொட்டி கைமாறும். போன வருசம் முறை என் புருசன் வூட்டுக்கு வந்துச்சு. பொம்பளைக்கு முறை கெடையாதுன்னாங்க. அந்த வூட்டு மரம் கடலுக்குப் போவுதா இல்லியா, ஊர் வரி நான் குடுக்கறனா இல்லியான்னு கேட்டேன். அப்பால வேற வயியில்லாம குட்த்தாங்க."

"உங்களுக்கு முன் பெட்டி யாரிடம் இருந்தது?"

"கருணாகரன் மாமா வூட்ல. என் புருசனுக்கு அண்ணன் முறை. பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு மொதல்ல சொன்னவரு அவுருதான். நான் வாணாம்னு சொல்லியிருந்தா இன்னொரு வருசமும் அவுரு வூட்லயே இருந்திருக்கும். முந்தாநாளு திருவிழாவுக்காக ஊர்த் தலைவர் தண்டபாணி பொட்டியத் தொறந்தாரு. மாலையக் காணோம். வீச்சு வலை ஓரத்துல கோப்போமே ஈயக்குண்டு, அதுல ஒரு சரம் கெடந்துச்சு. புதுப்…" அவள் நிறுத்தி, இரண்டு கைகளையும் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். "புதுப் பஞ்சுல சுத்தி வெச்சிருந்துச்சு."

"சாவி?"

"வருசம் பூரா என் கயித்துல." சாவி கோத்திருந்த கழுத்துக் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "எனக்குச் சின்ன வயசுலேருந்து அந்தப் பஞ்சு ஆவாது சார். பிய்க்கற சத்தம் கேட்டாலே பல்லு கூசும், தொண்டை அடைக்கும். மெத்தை தைக்கறவன் கடைப் பக்கம் போவ மாட்டேன். திருக்கை மீனு முள்ளை வெறுங்கையால ஒடிப்பேன். அலையில மரம் கவுந்தா நீந்தி வருவேன். பஞ்சு மட்டும் ஆவாது. ஊருக்கே தெரியும். இப்ப மாமா அது நடிப்புங்கறாரு. ஊரு சிரிக்குது."

"சிரித்துவிட்டுப் போகட்டும். நீங்கள் இழக்கப்போவது என்ன?"

"ஞாயித்துக்கெழமை கூழ் ஊத்தறதுக்கு முன்னாடி ஊர் கூடுது. மாலையக் குடுக்கலைன்னா என் மரத்தக் கரையேத்த வுட மாட்டாங்க. கரை இல்லாத மரம் வெறகு சார். நான் திருடலை. பயந்தவன்னு சொல்லட்டும், பரவால்ல. திருடின்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

மறுநாள் காலை கஸ்பாரும் கமாலுதீனும் பேருந்தில் டோல்கேட்டைக் கடந்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரை மணலில் இறங்கிக் குப்பத்தை அடைந்தனர். மங்கையின் வீடு ஒற்றை அறை. பெட்டி இருந்த மாடத்தையும் அதன் அருகே எரிந்த காமாட்சி விளக்கையும் கஸ்பார் குனிந்து பார்த்தார்.

"கமாலுதீன், அந்தத் திரியைப் பாருங்கள்."

"வேட்டித் துணியக் கியிச்சுத் திரிச்சிருக்காங்க சார். துட்டு இல்ல போல."

"பெட்டிக்கடையில் பஞ்சுத் திரி காலணாவுக்கு ஒரு கட்டு கிடைக்கும். விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்குகிறவருக்குத் திரி வாங்கவா முடியாது? நேற்று இன்று செய்த மாற்றமும் அல்ல. மாடத்தின் மூலையில் கருகிய துணித் துண்டுகள் எத்தனை காலமாகக் குவிந்திருக்கின்றன, பாருங்கள்."

அடுத்த வீட்டுக் கோவிந்தம்மா வாசலிலேயே கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். பெட்டி கைமாறிய நாளைப் பற்றிக் கஸ்பார் கேட்டதும், கையிலிருந்த கோலை ஊன்றி நிமிர்ந்தாள்.

"நாந்தான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தனே! வாங்கறவங்க பொட்டியத் தொறந்து, ரெண்டு கையாலயும் மாலைய ஏந்தி ஊருக்குக் காட்டணும். அப்பாலதான் பூட்டணும். அதான் வயக்கம். இவ பொட்டிகிட்ட போனா. உள்ள பஞ்சு கீதேன்னு மூடியத் தொட மாட்டேங்கறா. ஒடனே கருணாகரன், 'பாவம், அதுக்குப் பஞ்சுன்னா ஆவாது, நாம ஏன் வதைக்கணும்? தொறக்க வாணாம், தூக்கிப் பாத்து எடை சரியா கீதான்னு சொல்லட்டும்'னான். இவளும் தூக்கிப் பாத்துட்டு சரின்னா. அத்தினி பெரிய மனசு எங்கேருந்து வந்துச்சோ அவனுக்கு! வேற யாரும் தொட்டே பாக்கல."

கஸ்பார் தலையசைத்துவிட்டுக் கோயிலை நோக்கி நடந்தார்.

கோயில் சிறியது. திருவிழாவுக்காக உள்ளும் புறமும் வெள்ளையடித்திருந்தார்கள். சுவரில் சாய்ந்த கமாலுதீனின் தோள் முழுதும் சுண்ணாம்பாயிற்று. அதைத் தட்டியபடி அவர் திரும்பியபோது, மூலையில் சூலங்களை நட்டிருந்த கருங்கல் மணல் தொட்டி கண்ணில் பட்டது. அதன் பின்புறச் சுவரில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் பழைய அழுக்கு அப்படியே இருந்தது.

"இந்த எடத்த மட்டும் வுட்டுட்டாங்க சார்."

"அத்த நகத்தக் கூடாது," என்றது ஒரு குரல். கட்டுமஸ்தான உடலும் நரைத்த மீசையுமாக வாசலில் நின்றவர் கருணாகரன். "வெள்ளையடிக்கற வேலை என் பொறுப்பு. தொட்டியத் தொட்டா அம்மன் கோவிச்சுக்குவா."

பின்னால் வந்த கோவிந்தம்மா முணுமுணுத்தாள். "போன வருசம் மணலக் கொட்டிட்டு நாலு பேரு தூக்கி வெளிய வெச்சுத்தானே அடிச்சாங்க. அப்ப கோவிச்சுக்கலியாம்."

கருணாகரன் அதைக் காதில் வாங்காமல் கஸ்பாரிடம் சொன்னார்: "அவ பேச்ச நம்பாதீங்க சார். பஞ்சுக்குப் பயமாம்! பச்ச நடிப்பு. கீழ்ப்பாக்கத்துப் பைத்தியக் கேஸுன்னு பரிதாபப்பட்டு ஊரு வுட்டுடும்னு போடற வேசம்."

"நடிப்புத்தான் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இல்லையா?"

"இல்ல. இன்னிக்கு நேத்தா பாக்கறேன்? சின்னதுலேருந்தே வேசக்காரி."

கஸ்பார் நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

ஞாயிறு காலை கோயில் முன்னால் ஊர் கூடியது. கூழ்ப் பானைகள் வரிசையாக இருந்தன. ஊர்த் தலைவர் தண்டபாணியின் முன், திறந்த பெட்டியில், பஞ்சும் ஈயக்குண்டுச் சரமும் கிடந்தன. மங்கை பத்தடி தள்ளி, தலையைக் குனியாமல் நின்றாள்.

"சொல்லுங்க சார்," என்றார் தண்டபாணி. "பொட்டி அவ வூட்ல. சாவி அவ கயித்துல. இதுக்கு மேல இன்னா கீது?"

"இந்த ஈயம் இருக்கிறது," என்றார் கஸ்பார். "பெட்டியும் சாவியும் யாரிடம் இருந்தன என்று எல்லோரும் கேட்டீர்கள். ஈயம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலையைத் திருடியவர் அதே எடைக்கு ஈயத்தை வைத்து, குலுங்காதபடி பஞ்சில் பொதிந்திருக்கிறார். எதற்காக?"

"ஏமாத்தத்தான்," என்றார் கருணாகரன்.

"யாரை? ஆடி மாதத்தில் இந்தப் பெட்டி ஊர் முன்னிலையில் திறக்கப்படும் என்று மங்கைக்குத் தெரியும். திறந்து பார்ப்பவரை ஈயத்தால் ஏமாற்ற முடியாது. திறக்காமல், தூக்கி மட்டும் பார்ப்பவரைத்தான் ஏமாற்ற முடியும். இந்தப் பெட்டியைத் திறக்காமல் தூக்கிப் பார்த்து வாங்கியவர் இந்த ஊரில் ஒரே ஒருவர்."

கூட்டம் மங்கையைத் திரும்பிப் பார்த்தது.

"ஆகவே ஈயம் மங்கை வைத்தது அன்று, மங்கைக்காக வைத்தது. பெட்டி அவர் கைக்கு வருவதற்கு முன்பே மாலை போய்விட்டது. ஓராண்டு முழுவதும் அவர் ஈயத்தைத்தான் பாதுகாத்திருக்கிறார்."

"அவளே குழப்பறதுக்காக வெச்சிருக்கலாமே!" கருணாகரனின் குரல் உயர்ந்தது. "பஞ்சுக்குப் பயம்ங்கறதே பொய்யாச்சே!"

"அதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும். போன ஆண்டு, வாங்குகிறவர் திறந்து காட்ட வேண்டும் என்ற வழக்கத்தை நீங்கள்தான் தடுத்தீர்கள். 'பாவம், அதுக்குப் பஞ்சுன்னா ஆவாது' என்றீர்கள். கோவிந்தம்மா கேட்டிருக்கிறார், ஊரே கேட்டிருக்கும். இப்போது, சின்ன வயதிலிருந்தே அது வேஷம் என்று தெரியும் என்கிறீர்கள். பயம் மெய் என்றால், இந்தப் பஞ்சுப் பொதியைச் சுற்றியவர் மங்கை அல்லர். பயம் வேஷம் என்று முன்பே தெரியும் என்றால், பெட்டியை ஏன் திறக்க விடவில்லை? ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்."

கருணாகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். கூட்டத்தில் ஒரு கிழவர், "சொல்லேன் நைனா, நாக்கு இன்னா வலையில மாட்டிக்கிச்சா?" என்றார். சிரிப்பு எழுந்தது. இம்முறை அது மங்கையை நோக்கி எழவில்லை.

"மாலை எங்க கீது சார்?" என்றார் தண்டபாணி.

"இவர் பணத்துக்காக எடுக்கவில்லை. முறை ஒரு பெண்ணிடம் போனதைப் பொறுக்காமல் எடுத்தார். மங்கையை விரட்டிவிட்டு, அம்மன் அருளால் கிடைத்தது என்று ஒருநாள் தாமே எடுத்துத் தரலாம் என்பது எண்ணம். அதுவரை எங்கே வைப்பது? இவருக்கும் ஒரு பயம் உண்டு. அம்மன் நகையை வீட்டில் ஒளிக்கப் பயம். ஊர் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகவும் பயம். கோயிலிலேயே வைத்தால் திருட்டாகாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். எல்லா ஆண்டும் தூக்கி வைத்து வெள்ளையடித்த மணல் தொட்டியை இந்த ஆண்டு மட்டும் யாரும் தொடக் கூடாது என்றவர் யார்?"

எவரும் அசைவதற்குள் மங்கை நடந்தாள். கோயிலுக்குள் போய், சூலங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுவரில் சாய்த்தாள். தொட்டி மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அடுத்த கணம் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. கை முழுவதும் மயிர் குத்திட்டு நின்றது.

"கீது," என்றாள் மூச்சுவாங்க. "பஞ்சுல சுத்திக் கீது. எனக்குத் தெரிது. எடுங்க."

வாசலில் நெருக்கியடித்து நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. தண்டபாணி குனிந்து மணலைத் தோண்டினார். பெட்டியில் ஆண்டுக்கணக்காக இருந்த பழைய பஞ்சு, காசுகளின் வட்டத் தடங்களோடு பழுத்துக் கிடந்தது. அதற்குள் காசுமாலை மின்னியது.

கருணாகரன் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் விக்கல," என்றார் யாரையும் பார்க்காமல். "அம்மன் மேல சத்தியமா, எல்லையத் தாண்டல."

"உன்னோட ஞாயத்த அப்பால பேசறோம்," என்றார் தண்டபாணி. பிறகு மங்கையிடம் தணிந்த குரலில், "மாலைய நான் வெச்சிருக்கேன் தாயி. ஆடி முடியப் போவுது. உன் முறையும் முடிஞ்சிடும். நீ ஏன் இனிமே கஷ்டப்படணும்?" என்றார்.

மங்கை கையிலிருந்த மணலை முந்தானையில் துடைத்தாள்.

"முறை முடிஞ்சிடுச்சா? வருசம் பூரா நான் ஈயத்தத்தான் காப்பாத்தினேன். அது முறையில சேராது. என் முறை இன்னிக்குத்தான் ஆரம்பம்." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "எனக்குப் பஞ்சுன்னா பயம். நாளைக்கும் பயந்தான், சாவற வரைக்கும் பயந்தான். அத்த மறைக்கவும் மாட்டேன், அதுக்காகப் பொட்டிய வுடவும் மாட்டேன். கோவிந்தம்மாக்கா, அந்தக் கருமத்த வெளிய எடுத்துப் போடு. என் கூரைப் பொடவை பட்டு. அத்தக் கியிச்சு உள்ள போடறேன்."

தண்டபாணி சம்மதமாகத் தலையாட்டினார். பிறகு மாலையை மடியில் தட்டி, அதில் ஒட்டியிருந்த பஞ்சிழைகளை ஒவ்வொன்றாகப் பொறுமையாக எடுத்தார். கடைசி இழையும் போய்விட்டதா என்று வாசல் வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

கோவிந்தம்மா பஞ்சைக் கூழ் அடுப்பில் போட்டாள். கமாலுதீன் கஸ்பாரின் காதருகே குனிந்து, "சார், இவங்க இத்தினி தெகிரியமா பேசறாங்களே, நாளைக்கு நம்ம ஆபீஸ்ல அந்தப் பேனு…" என்றார்.

"போட மாட்டேன்," என்றார் கஸ்பார். "ஆனால் உங்கள் மேசைக்கு ஒரு மேசை விசிறி வாங்கித் தருகிறேன். ஆறு ஆண்டுகளாக எனக்குத் தோன்றாமல் போயிற்று."

அதற்குள் மங்கை, போன ஆண்டு செய்யவிடாமல் தடுக்கப்பட்டதைச் செய்தாள். மாலையை இரண்டு கைகளாலும் வாங்கி, கருணாகரன் உட்கார்ந்திருந்த படியைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியின் முன் நின்று, தலைக்கு மேலே உயர்த்தி ஊருக்குக் காட்டினாள்.